செத்தவர்தான் சமைக்க வேண்டும்

ஃபென்விக், விஸ்கான்சின்
1981 ஆகஸ்ட், வியாழக்கிழமை காலை

அன்புள்ள லவோன் அக்காவுக்கு,

உன் தம்பி வெண்டல் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். ஏரி நலம். கொசுக்கள் மிகவும் நலம். மில்வாக்கியில் நீயும் உன் தக்காளிச் செடிகளும் வெயிலுக்கு வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய செர்ரி ஜாம் வந்து சேர்ந்தது. மூடி திறக்கவில்லை. முயற்சி தொடர்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமைக்குள் உன் கணவரை வந்து அழைத்துக்கொண்டு போய்விடு.

இப்படி எழுத எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஜூன் மாதம் ஒரு பெட்டியோடும் தூண்டிலோடும் ஆர்லன் அத்தானை என் வாசலில் இறக்கிவிட்டு, கார் இன்ஜினைக்கூட அணைக்காமல், நீ என்னிடம் சில விஷயங்கள் சொன்னாய். செப்டம்பர் முதல் திங்கள், தொழிலாளர் தினம் வரைதான் தொழிற்சாலை காத்திருக்கும், அதற்குள் அவர் வேலைக்குத் திரும்புவதாகச் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றாய். அவர் மனம் நோகும்படி யாரும் ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது என்றாய். "மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போ வெண்டல், கொஞ்சம் சிரிக்க வை, உனக்குத்தான் வேற வேலை இல்லையே" என்றும் சொன்னாய். கடைசி வாக்கியத்தை நான் மறக்கவில்லை. தத்துவத்தில் முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டவனுக்கும் வேலை இருக்கிறது அக்கா. காலையில் நூலகம். மாலையில் யோசனை.

மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தூண்டில் போடவில்லை. படகுத்துறையின் பலகைகளை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தார். ஒரு பலகை ஆடியது. அதன் மேலேயே மாலை வரை நின்றுகொண்டிருந்தார், வேறு யாரும் மிதித்துவிடக் கூடாது என்று. மீன்களுக்கு நல்ல நாள்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது. அத்தான் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. மார்ச் மாதம் ஒரு அழுத்து இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார். அடுத்த வாரம் அதே இயந்திரம் மார்லிஸ் என்ற பெண்ணின் இரண்டு விரல்களை எடுத்துக்கொள்கிறது. விசாரணை நடக்கிறது. கழுத்துப்பட்டை கட்டியவர்கள் வந்து பார்த்துவிட்டு, இதில் யாருடைய தவறும் இல்லை என்று முடிவு சொல்கிறார்கள். அவர் அந்த ஒரு வாக்கியத்தோடு அறையை விட்டு வெளியே வருகிறார். அதன் பிறகு உலகத்தில் எந்தப் பொருளையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. நாற்காலியைக்கூட அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். என் வீட்டு நாற்காலி விஷயத்தில் அது நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் நாங்கள் ஆடும் ஆட்டம் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். பிசாசு வழிபாடு என்று உன் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னதாக எழுதியிருந்தாய். அது அவ்வளவு சுவாரசியமானது இல்லை. நான் நடுவர். காகிதத்தில் ஒரு நிலவறையை வரைந்து, யாரும் பார்க்காதபடி அட்டைத் தடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். மற்றவர்கள் புதையல் தேடி அதற்குள் இறங்கும் வீரர்கள். "இடது பக்கக் கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், திறந்ததும் என்ன நடக்கிறது என்று நான் சொல்வேன். சந்தேகம் இருந்தால் பகடை முடிவு செய்யும். பெரும்பாலும் நடப்பது மரணம். தரை பிளக்கும். கூரை இறங்கும். பெட்டிக்குள் ஊசி இருக்கும். ஊசி இல்லாத பெட்டியில் பெட்டியே பல்லால் கடிக்கும்.

ஆடுபவர்கள் மூன்று பேர். வங்கிக் கவுண்டரில் உட்காரும் டோரீன். பால் லாரி ஓட்டும் ஸ்டான். லூத்தரன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் மார்வ். மார்வ் மந்திரவாதி. சாகும்போதெல்லாம் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சாவான். பக்கத்து ஊரில் கருணையுள்ள ஒரு நடுவர் இருக்கிறார். அவருடைய நிலவறையில் யாரும் சாவதில்லை, கூட்டமும் வருவதில்லை. என்னிடம் பனிப்புயலில்கூட வருகிறார்கள். ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். கோட்பாடுகளும் வைத்திருக்கிறேன். நீ கேட்க மாட்டாய்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர்தான் சமைக்க வேண்டும். நிலவறையில் உயிரை விட்டவர் படியேறிப் பின்பக்கம் போய், கரி அடுப்பை மூட்டி, பன்றி இறைச்சி சாசேஜை வெங்காயத்தோடு பீரில் வேகவைத்து, பிறகு சுட்டு, கீழே கொண்டுவர வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் மேசையை விட்டு எழக் கூடாது. மிக நல்ல ஏற்பாடு. மூன்று மணி வாக்கில் யாராவது சாவார்கள், நாலு மணிக்குச் சாப்பாடு. இதுவரை யாரும் பசியோடு வீட்டுக்குப் போனதில்லை.

உன் கணவர் வரும் வரை.

முதல் ஞாயிறு அவர் ஆட வரவில்லை. கீழ்த்தளப் படிக்கட்டின் கைப்பிடி ஆடுகிறது என்று திருப்புளியோடு படியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவரை மறந்துவிட்டோம். கூரையிலிருந்து ஊசலாடி வரும் பெரிய கத்தி ஒன்று ஸ்டானை இரண்டாக்கியது. ஸ்டான் மகிழ்ச்சியோடு எழுந்து இடுக்கியை எடுத்துக்கொண்டு மேலே போனான். அப்போது படியிலிருந்து குரல் வந்தது.

"அந்தக் கத்திக்கு யாரு எண்ணெய் போடுறாங்க?"

"எந்தக் கத்தி அத்தான்?"

"இப்ப வெட்டுச்சே அது. ஆயிரம் வருஷமா தொங்குதுன்னு சொன்னியே. ஈரமான எடம். ஆறு மாசத்துல துரு ஏறி அப்படியே நின்னுடும். நிக்கலைன்னா யாரோ எண்ணெய் போடுறாங்கன்னு அர்த்தம். யாரு?"

இத்தனை வருடங்களில் யாரும் என்னை இதைக் கேட்டதில்லை. "ஒரு பூதம் போடுது" என்றேன்.

"ஏணி இருக்கா அதுக்கு?"

"இருக்கு."

"ஏணியை யாராவது கீழ புடிச்சுக்குறாங்களா?"

மார்வ் சிரிக்க ஆரம்பித்தான். மேலிருந்து ஸ்டான் ஜன்னல் வழியாகக் கத்தினான்: "அந்தாளை உள்ள இறக்கி விடுங்கப்பா!"

வந்ததிலிருந்து அவர் அவ்வளவு வார்த்தைகள் பேசியதில்லை. நானும் சந்தோஷப்பட்டேன். உடனே ஒரு நாற்காலி போட்டேன். அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் தங்கள் வீரர்களுக்கு இடிமுழக்கம் போலப் பெயர் வைத்திருப்பார்கள். அவர் தன் வீரனுக்கு ஆர்லன் என்று பெயர் வைத்தார். தொழில் என்ன என்று கேட்டேன். வாளா, மந்திரமா, திருட்டா. "மேற்பார்வை" என்றார்.

அக்கா, அதன் பிறகு என் நிலவறையில் யாரும் சாகவில்லை. நான் வருடக்கணக்காக வரைந்த நிலவறை அது. குழி தெரிந்த இடத்திலெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார், கோட்டுக்குப் பின்னால் மரத்தடுப்பு வைத்தார், தடுப்புக்குப் பின்னால் ஊருக்குத் திரும்பிப் போய் வாங்கிவந்த பலகையைப் போட்டார், பலகை மேல் ஒரே நேரத்தில் இருவர் நடக்கக் கூடாது என்றார், விஷ அம்பு வரும் துளைகளை மெழுகால் அடைத்தார், கூரை இறங்கும் அறையில் நான்கு மூலையிலும் இரும்புத்தூண் நிறுத்திவிட்டு அதன் கீழே எல்லோரையும் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொன்னார், ஊசி வைத்த பெட்டியைப் பின்பக்கக் கீலைக் கழற்றித் திறந்தார், கடிக்கிற பெட்டியை ஒரு குச்சியைக் கடிக்க வைத்துச் சோர்வடையச் செய்தார். ஒரு நாள் ஸ்டான் பொறுக்க முடியாமல், "நான் அந்தக் குழியில குதிக்கிறேன், போதுமா?" என்றான். "குதிக்க முடியாதே தம்பி, கைப்பிடி போட்டிருக்கோமே" என்றார் அத்தான். நான் வரைபடத்தைப் பார்த்தேன். போட்டிருந்தார்.

ஒரே ஓர் அறை மட்டும் வேறு மாதிரி போனது. அதில் ஒரு கல் ராஜா கையை நீட்டிக்கொண்டு நிற்பான். அவன் உள்ளங்கையில் ஒரு மாணிக்கம். எடுக்கப் போனால் கல் விரல்கள் மூடிக்கொள்ளும். எப்போதோ வரைந்தது. வாசித்துக்கொண்டே வரும்போதுதான் என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. நிறுத்த முடியவில்லை. அத்தான் தன் கைகளை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அடுத்த அறை" என்றார். அந்தப் பக்கத்தை அன்றே கிழித்துவிட்டேன்.

பிறகு ஆட்டுச் சண்டை. பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம் ஒன்று இருக்கிறது. சந்தையில் ஓர் ஆட்டை வாங்கி முன்னால் ஓட்டிவிட்டால் எல்லாப் பொறியும் ஆட்டின் மேல் விழும். ஸ்டான் அதைச் சொன்னான்.

"ஆட்டுக்கு யாரு பொறுப்பு?" என்றார் அத்தான்.

"யோசிச்சுப் பாருங்க இன்ஸ்பெக்டர். ஆடுதானே. நெசமாவே இல்லாத ஆடு."

"அதுக்கு மாட்டேன்னு சொல்லத் தெரியாதுல்ல."

"சொல்லும். மேன்னு சொல்லும்."

"அப்ப முதல்ல நான் போறேன்."

ஆடு வாங்கவில்லை. ஸ்டான் தன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான்.

கொஞ்சம் நினைத்துப் பார். யாரும் சாகவில்லை. அதனால் யாரும் சமைக்கவில்லை. ஜூலை மாதம் முழுக்க நாங்கள் உப்பு பிஸ்கட்டும் குழாய்த் தண்ணீருமாக நிலவறையில் உயிரோடு உலாவினோம். மேலே குளிர்பெட்டியில் சாசேஜ் அடுக்கி இருந்தது. வழக்கம் வழக்கம்தான். மார்வ் மேசைக்கடியில் எதையோ மெல்வதைப் பார்த்தேன். தேவாலயத்தில் மிச்சமான கேக். ஒருநாள் கிளம்பும்போது டோரீன் என்னைக் கார் பக்கத்தில் நிறுத்தினாள்.

"வெண்டல், நான் ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்காத. வாரம் பூரா வங்கியில உக்காந்திருக்கேன். ஒரு சில்லறை தப்பாக் குடுத்தா அன்னைக்கே யாரும் என்னைக் கொல்ல மாட்டாங்க. மாசம் பூரா சிரிச்சுக்கிட்டே கொல்லுவாங்க. இங்க வந்தா சொய்ங்னு ஒரு கத்தி. முடிஞ்சுது. அப்புறம் எப்படிச் செத்தேன்னு எல்லாரும் கேக்குறாங்க, நான் சொல்றேன், சிரிக்கிறாங்க, பசிக்கு சாசேஜ். உங்க அத்தான் தங்கமான மனுஷன். ஆனா அவரு இருக்குற வரைக்கும் எனக்கு ஒரு நல்ல சாவு கிடைக்காது."

"அவர்கிட்ட நேரா சொல்லேன்."

"நீதானே யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னே?"

சொல்லியிருந்தேன். உன் கட்டளை. எல்லோரும் அவரிடம் மரியாதையாக, இதமாக, பட்டினியோடு இருந்தோம்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் இன்னொரு வழக்கம். வீரர்கள் எல்லோர் சார்பிலும் நடுவரிடம் பேச ஒருவர் உண்டு. அதிக நாள் சாகாமல் இருப்பவர்தான் அவர். மற்றவர்கள் தங்களுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததுதான் செயல். வந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஆகஸ்டில் அந்த இடத்துக்கு வேறு யார் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறாய்?

ஒரு சரிவான நடைபாதை. தரையெல்லாம் எண்ணெய். அந்தப் பூதம் கத்திக்கு எண்ணெய் எடுத்துப் போகும்போது சிந்தியது. அவர் கேட்ட பிறகு நான் சேர்த்தது. சரிவின் முடிவில் ஒரு குழி. சிறியது. ஒருவருக்கான குழி. யாராவது ஒருவர் விழுவார், அடுப்பு பற்றும், எல்லோரும் சாப்பிடலாம் என்று நடுவருக்குரிய கருணையோடு வைத்திருந்தேன்.

அத்தான் யோசித்தார். பிறகு சொன்னார்: "எல்லாரும் இடுப்புல ஒரே கயித்தைக் கட்டிக்கிறோம். ஒருத்தர் வழுக்குனா மூணு பேரு இழுத்துப் புடிச்சுக்கலாம்."

"கட்டியாச்சா?" என்றேன்.

"கட்டியாச்சு."

ஸ்டான் முன்னால் போனான். பகடையை உருட்டினான். வழுக்கினான். குழிக்குள் போய்விட்டான். கயிறு விறைத்தது. டோரீன் உருட்டினாள், ஒன்று விழுந்தது, அவளும் போனாள். மார்வ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனான். மூன்று பேர் எடையும் அத்தான் இடுப்பில். அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், விரல்கள் நழுவுகின்றன, என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன்.

"கத்தி இருக்குல்ல உங்ககிட்ட!" ஸ்டான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "கயித்தை வெட்டுங்க! நாங்க ஏற்கெனவே செத்தாச்சு! நீங்க பொழைச்சுக்குங்க!"

"எனக்கு ஒன்னும் ஆகாது, வெட்டுங்க" என்றாள் டோரீன்.

அத்தான் என்னைப் பார்த்தார். "வெட்டலை" என்றார். அவர் வாயிலிருந்து வந்ததுதான் செயல். இருபது முகப் பகடையை எடுத்தார். ஐந்துக்கு மேல் விழுந்தால் போதும். உருட்டினார். மூன்று.

ஒருவருக்கான குழியில் நான்கு பேர்.

அத்தான் முகம் எப்படி இருந்தது என்று உனக்கு எழுதப் போவதில்லை. மார்ச் மாதம் நீ பார்த்திருப்பாய். பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இது யாரு தப்பு?"

உன் கட்டளை என் நாக்கு நுனியில் இருந்தது. யாருடைய தவறும் இல்லை அத்தான். நான் வாயைத் திறந்துவிட்டேன் அக்கா. அதே வாக்கியம். இன்னும் ஒரு நொடி இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் ஸ்டானுக்கு இரண்டு மாதப் பசி.

"யாரு தப்பா? உன் தப்புதான்யா! யோவ் இன்ஸ்பெக்டரு! எண்ணெய்த் தரையில எவனாவது நாலு பேரை ஒரே கயித்துல கட்டுவானா? எங்க அப்பா மாட்டைக்கூட அப்படிக் கட்ட மாட்டாருய்யா!"

மார்வ் கண்ணை மூடிக்கொண்டான். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அத்தான் ஸ்டானைப் பார்த்தார்.

"என் தப்பா?"

"பின்ன எங்க பாட்டன் தப்பா?"

"ரெண்டு மாசம் பட்டினி போட்டுட்டு மொத்தமா ஒரே குழியில!" டோரீனும் சேர்ந்துகொண்டாள். "கயிறாம் கயிறு!"

"மன்னிக்கணும், எனக்கும் கொஞ்சம் கோவமாத்தான் இருக்கு" என்றான் மார்வ்.

அத்தான் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனேன். இருமல் இல்லை. சிரிப்பு. பழகாத, துரு ஏறிய, நடுவில் நடுவில் நின்று போகிற சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. "என் தப்பு" என்றார். "ஆமா. என் தப்புதான்." ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொன்னார்.

நான்கு பேரும் செத்துவிட்டதால் நான்கு பேரும் சமைக்கப் போனார்கள். உயிரோடு இருந்தவன் நான் ஒருவன். எழக் கூடாது. கீழ்த்தளத்துச் சின்ன ஜன்னல் வழியாகப் புல்லும் நான்கு ஜோடிக் காலணிகளும் மட்டும் தெரிந்தன. கரி பற்றும் வாசனை. பேச்சு கேட்டது. மறைந்திருந்து கேட்கவில்லை, எனக்குப் போக வேறு இடம் இல்லை.

"மார்லிஸ் என்னைத் திட்டவே இல்லைப்பா" என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரியில போய் நின்னேன். உக்காருங்க, காபி சாப்பிடுறீங்களான்னு கேட்டா. கட்டுப் போடாத கையால ஊத்திக் குடுத்தா. நான் குடிச்சேன். என்ன மனுஷன் நான், குடிச்சேன். அப்புறம் யாரும் எதுவும் சொல்லலை. எல்லாரும் நல்லவங்களாவே இருக்காங்க. லவோன் என் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறா. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்னை நிக்க வச்சுக் கேட்டிருந்தா..."

ஒரு ஜோடிக் காலணி அவர் பக்கம் திரும்பியது.

"நாங்க நல்லவங்க இல்லை, கவலைப்படாத" என்றான் ஸ்டான். "நீ அந்த மெஷினைப் பாத்தியா?"

"பார்த்தேன்."

"நல்லாப் பாத்தியா?"

"அன்னைக்கு வேற மூணு மெஷின் இருந்துச்சு. கொஞ்சம் அவசரமா பார்த்தேன்."

"அப்ப அது தப்புதான்யா."

"ஆமா."

"ஆனா எல்லாமே உன் தப்பு இல்லை. அவசரப்படுத்துனவன் ஒருத்தன் இருப்பான்ல. அவன் பங்கை ஏன் நீ தின்னுற?"

"கயிறு மட்டும் முழுசா உங்க தப்பு" என்றாள் டோரீன்.

மறுபடி கயிற்றுக்கு வந்துவிட்டார்கள். சாசேஜ் கருகும் வரை திட்டினார்கள். நான் கீழே மேசையில் ஒற்றை உயிராக உட்கார்ந்து பசியோடு கேட்டுக்கொண்டிருந்தேன். நிலவறையில் எல்லாச் சாவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்த காரணம். என் கோட்பாடுகளில் ஒன்று இது. அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. வாசனை அப்படி. அத்தான்தான் எனக்குத் தட்டைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் முழுக்கக் கரி. "இந்தா மாப்ளே, சாப்பிடு" என்றார். இதுவரை அவர் என்னை வெண்டல் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

கதை இங்கே முடிந்திருந்தால் உனக்கு நான் நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை காலை அவர் புது வீரனை உருவாக்கினார். தலைக்கவசம் இல்லை. கவசமே இல்லை. கையில் ஒரு குச்சிகூட இல்லை. நான் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது குளியலறைக் கதவைத் தட்டி, "இப்ப நான் அந்தக் கறுப்புக் கதவை எட்டி உதைச்சா என்ன ஆகும்?" என்கிறார். செத்துவிடுவீர்கள் என்கிறேன். சந்தோஷமாகப் பின்பக்கம் போய் அடுப்பை மூட்டுகிறார். காலை உணவு சாசேஜ். நூலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, தெரியாத பச்சைத் திரவத்தைக் குடிப்பதாகச் சொல்கிறார். மதிய உணவு சாசேஜ். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அமிலத்தில், நெருப்பில், விழும் தூணின் அடியில், ஒருமுறை வெறும் ஆர்வத்தால் சாகிறார். ஒவ்வொரு முறையும், "இது யாரு தப்பு?" என்று கேட்டு, "உங்க தப்பு அத்தான்" என்று நான் சொல்லும் வரை நகர மாட்டார். டோரீன் தொலைபேசியில் அழுகிறாள், எல்லாச் சாவையும் அவரே எடுத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன மிச்சம் என்று. என் வயிறு அமைதி இழந்துவிட்டது. வேலைக்குத் திரும்புவது பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, தொழிலாளர் தினம் வந்துகொண்டே இருக்கிறது, என் நிலவறையில் உதைக்கக் கதவே பாக்கியில்லை. என்னால் முடிந்தது இவ்வளவுதான் அக்கா. நான் தோற்றுவிட்டேன். சனிக்கிழமைக்குள் வா. மாற்று உடை எதுவும் வேண்டாம், வயிற்றுக்கு ஏதாவது மருந்து இருந்தால் எடுத்து வா.

உன் தோட்டத்தில் தக்காளி பழுக்கட்டும். உன் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். பக்கத்து வீட்டு அம்மாளிடம் பிசாசு எதுவும் வரவில்லை, வந்தால் அவருக்கும் சாசேஜ்தான் என்று நான் சொன்னதாகச் சொல்.

என்றும் உன் அன்புத் தம்பி,
வெண்டல்

பின்குறிப்பு: வர வேண்டாம்.

மேலே எழுதியது எல்லாம் எட்டு மணி நிலவரம். உறையைத் தேடிச் சமையலறைக்குப் போனபோது அத்தான் தொலைபேசியில் இருந்தார். தொழிற்சாலை. "வர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனா யாரு தப்பும் இல்லைன்னு சொன்னீங்கல்ல, அதை நான் ஒத்துக்கலை. நான் அவசரமா பார்த்தேன். அவசரப்படுத்துனது நீங்க. ரெண்டையும் சொல்லிட்டுத்தான் உள்ள வருவேன். இனிமே ஒரு நாளைக்கு ஒரு மெஷின்தான் பார்ப்பேன். சம்மதமா?" அவர் காத்துக்கொண்டே நின்றார். கையில் வழக்கம் போல இடுக்கி. அவர்கள் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், பிறகு "சரி" என்றார்.

வெளியே ஸ்டானின் பால் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறது. அத்தான் அதில்தான் உன்னிடம் வருகிறார். வழியில் மார்லிஸ் வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இந்த முறை காபி குடிக்கப் போவதில்லையாம். தன்னை நிற்க வைத்துக் கேட்க வேண்டியதைக் கேட்கும்படி அவளிடம் சொல்லப் போகிறாராம். ஸ்டானும் உடன் இறங்குகிறான், அவள் தயங்கினால் தொடங்கி வைப்பதற்கு.

இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டிவிடுவேன். இதை நீ படிக்கும்போது அவர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உன் எதிரில் நின்றுகொண்டிருப்பார். தயவுசெய்து அன்பாக எதுவும் சொல்லிவிடாதே. கட்டிக்கொள்வது பிறகு. இந்தக் கோடைக்காலம் முழுக்க உனக்கு ஒரு வரிகூட எழுதாத மனிதர் அவர், உன்னிடம் இல்லாத வார்த்தையா? முதலில் நன்றாகத் திட்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அவர் சட்டையைப் பார். நீ இஸ்திரி போட்டு அனுப்பிய வெள்ளைச் சட்டைதான் அது. இப்போது அப்படித் தெரியாது.